நீ வருவதற்கு முன்னால், தம்பியைப் பற்றி

பாப்பா,

டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று அப்பா சொன்னார். என்றைக்கு, எத்தனை மணிக்கு ரயில் வருகிறது என்று உடனே சொல், தம்பி கையாலேயே அதைக் காலண்டரில் எழுத வைக்க வேண்டும். போன பொங்கலுக்கு நீ சொல்லாமல் வந்து நின்றாயே, அன்றைக்கு அவன் தட்டை விசிறியடித்ததும் புறங்கையை ரத்தம் வரும்வரை நோண்டியதும் உன் மேல் கோபத்தால் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்புவது, தம்பிக்கு இருக்கிற பிராடர்-வில்லி என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ரொம்பக் கஷ்டம், அதுவும் திடீரென்று என்றால் தாங்காது. சுவிட்சர்லாந்து டாக்டர்கள் 1956-லேயே எழுதி வைத்த குறைபாடு, நமக்குப் பெயர் தெரியும்போது அவனுக்கு 16 வயது. அதுவரை அடம் என்று நினைத்து நானும் அடித்திருக்கிறேன். இன்றைக்கும் அது என்னைத் தூங்க விடுவதில்லை.

"அக்கா எப்ப வர்றா?" என்று நாற்பது தடவை கேட்பான். காலண்டரைக் காட்டினால் போதும்.

அப்புறம் சாப்பாடு. பிறந்தபோது உறிஞ்சத் தெம்பில்லாமல் பாலாடையில் ஊற்றி வளர்த்த பிள்ளை, இப்போது எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்ததே அவனுக்குத் தெரிவதில்லை. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் இருக்கிற கோளாறு அது. சமையலறையைப் பூட்டினால் "அவன் என்ன திருடனா?" என்று நீ சண்டை போடுவாய், எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. திறந்திருந்தால் அவன் மனசு முழுக்க அங்கேயேதான் நிற்கும் பாப்பா, பூட்டியிருந்தால், மணிக்குச் சாப்பாடு வந்துவிடும் என்று நிம்மதியாக இருக்கிறான். அதனால் பையில் ஸ்வீட் ஒளித்து வைக்காதே. 500 துண்டு ஜிக்சா வாங்கி வா. படத்தைக்கூடப் பார்க்காமல் துண்டின் வடிவத்தைத் தடவித் தடவியே அடுக்குகிறான், எனக்கு அந்தப் பொறுமை வராது.

வயிறு உப்பி வலிக்கிறது என்றாலோ வாந்தி எடுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். இவனுக்கு வலி சுலபத்தில் தெரியாது, வாந்தியும் அபூர்வம்.

உன் குழந்தைக்கும் வருமா என்று கேட்டிருந்தாய். அப்பாவிடமிருந்து வருகிற 15-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு தானாக விட்டுப்போனதுதான் தம்பிக்கு, வழிவழியாக வருகிற வகை இல்லை என்று பரிசோதனையில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பயப்படாதே. ஆனால் 'அப்பாவிடமிருந்து' என்ற அந்த ஒரு வார்த்தையை அப்பா இன்னும் மனசில் போட்டுக்கொண்டு குமைகிறார், அவர் தப்பு எதுவும் இல்லை என்று நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார்.

ரயில் தாமதமானால் அங்கிருந்தே போன் பண்ணு. எழுதினதை அடித்து மாற்ற அவனுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

அம்மா