பச்சை மறைந்தால் போதாது

ஆசிரியருக்கு,

ஏரிகளில் படரும் பாசியைக் குளிர் பிளாஸ்மாவால் (அதிகம் சூடாகாமல் மின்சாரத்தால் மின்னூட்டம் பெற்ற வாயுவால்) அழிக்கலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியை ஆர்வத்துடன் படித்தேன். மின்சாரத்தைக் கொண்டே நீரில் ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் போன்ற வீரியமான வேதிப்பொருட்களை அங்கேயே உண்டாக்கிப் பாசியைச் சிதைக்கும் முறை இது. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆனால் தண்ணீர் தெளிந்ததை மட்டும் வைத்து இதை வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது. நீலப்பச்சைப் பாசியின் மைக்ரோசிஸ்டின் நச்சு பெரும்பாலும் செல்லுக்குள்தான் இருக்கிறது. செல் உடைந்தால் அது நீரில் கலந்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. 2014-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி (Erie) என்ற ஏரியில் படர்ந்த பாசியால் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்றபோது, காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்றே எச்சரித்தார்கள்.

நீர்த்தேக்கப் பராமரிப்பில் வேலை பார்த்தபோது, பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்ட சில நாட்களில் பச்சை அடங்கி, அப்புறம் உடைந்த செல்களிலிருந்து மண்வாடை முன்பைவிடத் தூக்கலாக வீசியதைக் கண்டிருக்கிறேன். பிளாஸ்மா போதிய அளவு செலுத்தப்பட்டால் நச்சையும் சேர்த்துச் சிதைக்கும் என்பது அதன் பெரிய பலம். குறைந்தால் பழைய கதைதான். ஆகவே சோதனை நடத்துவோர், நீரில் கரைந்துள்ள நச்சின் அளவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து வெளியிட வேண்டும். உலக சுகாதார அமைப்பு, நெடுங்காலம் குடிக்கும் நீருக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று வரம்பு சொல்கிறது. அதையே அளவுகோலாக வைக்கலாம்.

- ஒரு வாசகர்