லிசனரைக் கழற்றவும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் பாடம் வருவது நல்ல விஷயம். ஆனால் ஈவென்ட் லிசனர் (கிளிக் போன்ற நிகழ்வு நடந்தால் ஓட வேண்டிய ஃபங்ஷன்) பாடம், பட்டன் மீது ஆட்ஈவென்ட்லிசனர் (addEventListener) போட்டு, கிளிக் செய்தால் செய்தி வருவதைக் காட்டியதோடு முடிந்துவிட்டது. மாட்டியதை எப்போது, எப்படிக் கழற்றுவது என்று ஒரு வரிகூட இல்லை. லைப்ரரிகளோடு (பிறர் எழுதித் தரும் ஆயத்த நிரல்களோடு) வேலை செய்யத் தொடங்கியதும் பலர் இடறுவது அங்கேதான். அடுத்த பாடத்தில் இதைச் சேர்க்க வேண்டும்.

ஒரு பாப்அப் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். பெட்டி திறக்கும்போதெல்லாம் அது நாம் கொடுத்த கால்பேக்கை (பின்னர் அழைப்பதற்காகக் கொடுக்கும் ஃபங்ஷனை) அழைக்கும். அந்தக் கால்பேக்குக்குள், எஸ்கேப் விசையை அழுத்தினால் சேமித்துவிட்டு மூடும்படி டாக்குமென்ட் (முழுப் பக்கம்) மீது ஒரு கீடவுன் (விசை அழுத்தல்) லிசனர் போடுகிறோம். முதல் முறை ஒழுங்காக வேலை செய்யும். ஐந்தாவது முறை திறந்து எஸ்கேப்பை அழுத்தினால் ஐந்து சேமிப்புக் கோரிக்கைகள் சர்வருக்குப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தால்தான் ஐந்து வரிகளும் கண்ணில் படும்.

ஒரே லிசனரை இரண்டு முறை போட்டால் பிரவுசர் இரண்டாவதை ஒதுக்கிவிடுமே என்று கேட்கலாம். ஒதுக்கும்தான், ஆனால் ஈவென்ட் பெயர், ஃபங்ஷன், கேப்சர் அமைப்பு (ஈவென்ட் வெளியிலிருந்து உள்ளே இறங்கும்போதே லிசனர் ஓட வேண்டுமா என்பது) மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும். கால்பேக்குக்குள் எழுதிய ஆரோ ஃபங்ஷன் (=> குறியுடன் எழுதுவது) ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக உருவாகிறது. எழுத்துக்கு எழுத்து அதே வரிகளாக இருந்தாலும் பிரவுசருக்கு அது வேறொரு ஃபங்ஷன். ரிமூவ்ஈவென்ட்லிசனர் பார்ப்பதும் இதே மூன்றைத்தான். பைண்ட் (எந்த ஆப்ஜெக்ட்டுக்காக ஓட வேண்டும் என்று கட்டிப் புது ஃபங்ஷன் தருவது) போட்டு ஒரு மெத்தடை (ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் ஃபங்ஷனை) மாட்டிவிட்டு, கழற்றும் வரியில் மறுபடியும் பைண்ட் போட்டால் எதுவும் கழலாது. பிரவுசரும் வாய் திறக்காது. ஒரே ஒரு முறை பைண்ட் செய்து, ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, இரண்டு இடத்திலும் அந்த மாறியையே கொடுக்க வேண்டும்.

பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்ஜேஎஸ்ஸில் ஈவென்ட்களைக் கையாளும் ஈவென்ட்எமிட்டர் இந்த ஒதுக்கலைக்கூடச் செய்யாது. ஒரே ஃபங்ஷனை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு முறை ஓடும். ஒரே ஈவென்ட்டுக்கு 10 லிசனரைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். எங்கே கசிகிறது (கழற்றாத லிசனர்கள் எங்கே குவிகின்றன) என்று பார்க்காமல் அந்த வரம்பை 100 ஆக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எச்சரிக்கை நின்றுவிடும், கசிவு நிற்காது.

'ஒன்ஸ்' என்ற தேர்வைக் கொடுத்தால் ஒரு முறை ஓடியதும் தானாகக் கழலுமே என்பார்கள். கிளிக்குக்குச் சரி. கீடவுனுக்குப் போட்டால், பயனர் பெட்டிக்குள் முதல் எழுத்தைத் தட்டியதுமே லிசனர் போய்விடும். அதன்பின் எஸ்கேப் வேலை செய்யாது.

சுலபமான வழி அபார்ட்கண்ட்ரோலர் (AbortController), 'நிறுத்து' என்று சிக்னல் அனுப்பும் ஆப்ஜெக்ட். பெட்டி திறக்கும்போது ஒன்றை உருவாக்கி, அதன் சிக்னலை அந்தப் பெட்டிக்காகப் போடும் எல்லா லிசனருக்கும் கொடுங்கள். மூடும்போது ஒரே ஒரு அபார்ட் அழைப்பு, அத்தனையும் கழன்றுவிடும். ஃபங்ஷன்களை மாறியில் வைத்துக் காக்கும் வேலையும் மிச்சம். முக்கியப் பிரவுசர்கள் 2021இலேயே இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. கவனிக்க வேண்டியது ஒன்று: அபார்ட் ஆன சிக்னலை மறுபடி கொடுத்தால் லிசனர் சேரவே சேராது, சத்தமும் வராது. 'முதல் தடவை மட்டும் வேலை செய்கிறது' என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திறப்புக்கும் புதுக் கண்ட்ரோலர் வேண்டும்.

பெட்டியை அழிக்கும் லைப்ரரியின் டிஸ்ட்ராய் மெத்தடை அழைத்தாயிற்றே என்று இருந்துவிடவும் முடியாது. லைப்ரரி தான் மாட்டியதைத்தான் கழற்றும். டாக்குமென்ட், விண்டோ மீது நாம் போட்டவை நம் பொறுப்பு. அவை அங்கே இருக்கும்வரை அந்த ஃபங்ஷன் பிடித்துவைத்திருக்கும் பழைய பெட்டியும் நினைவகத்தை விட்டுப் போகாது. பெட்டிக்குள்ளேயே இருக்கும் பட்டன் மீது போட்ட லிசனருக்கு இந்தக் கவலை தேவையில்லை. பெட்டி நீக்கப்பட்டு, வேறெங்கும் அதைச் சுட்டும் மாறி இல்லையென்றால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

லிசனராகக் கொடுக்கும் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போடக்கூடாது என்று பாடத்தில் சொன்னது சரி. காரணத்தையும் சொல்லியிருக்கலாம். போட்டால் அந்த ஃபங்ஷன் அங்கேயே ஓடி முடிந்து, அது திருப்பித் தரும் மதிப்பு லிசனராகப் போகிறது. பெரும்பாலும் அது அன்டிஃபைண்ட் (மதிப்பு எதுவும் இல்லை என்பது); பிரவுசர் அதையும் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்ளும்.

சரிபார்க்கக் குரோம் கன்சோலே (டெவலப்பர் கருவிகளில் கட்டளை எழுதும் இடம்) போதும். கெட்ஈவென்ட்லிசனர்ஸ் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் டாக்குமென்ட் கொடுத்தால் பட்டியல் வரும். கீடவுன் எத்தனை என்று குறித்துக்கொண்டு, பெட்டியை ஐந்து முறை திறந்து மூடிவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணிக்கை ஐந்து கூடியிருந்தால் கழற்றும் வரி ஓடவில்லை.

இப்படிக்கு,
நிரலாக்கப் பணியில் உள்ள ஒரு வாசகர்