நொய்யல் கரையிலிருந்து

அன்புள்ள சின்னச்சாமிக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. நொய்யல் ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாயே.

போன மாதம் மகனோடு கொடுமணல் போயிருந்தேன். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். 1985லிருந்து பல தடவை அகழாய்வு நடந்த இடம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள்; பளிங்கு, சூதுபவளம், படியூர்ப் பச்சைக்கல் எல்லாவற்றிலும் மணி செய்திருக்கிறார்கள். வேலை முடியாமல் பாதியில் விட்ட மணிகளும் கல் சில்லுகளும் கிடைத்திருப்பதால், பட்டறையே இங்கேதான் இருந்தது என்று அடித்துச் சொல்ல முடிகிறது. மேலைக் கடற்கரைக்கும் கரூருக்கும் இடையே வியாபாரிகள் போன பாதை இது.

அங்கிருந்து பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் கட்டி முடித்தபோது சுமார் பத்தாயிரம் ஏக்கர் பாயும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தோம்! திருப்பூர் பனியன் ஏற்றுமதி ஏறிக்கொண்டிருந்த நேரம். சாயம் துணியில் பிடிக்க உப்புப் போட வேண்டும். அலசிய தண்ணீரோடு அத்தனை உப்பும் ஆற்றில் வந்து அணையில் தேங்கி, கிணறுகளுக்குள் இறங்கியது. எங்கள் தோட்டத்து வரப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. இளநீர்கூடக் கரித்தது. தண்ணீர் விடச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகள், தண்ணீரைத் தேக்காதே என்று கோர்ட்டுக்குப் போனோம்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்ளும் முறை பரவியது. முடிகிற காரியம்தான் அது. முன்னாலேயே செய்யவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கோவையில் சாக்கடை கலப்பதும் நின்றபாடில்லை.

தொழிலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான் நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வீடு கட்டினார்கள். கொடுமணல்காரர்களும் தூர தேசத்துக்கு விற்றுப் பிழைத்தவர்கள்தானே. ஆனால் கீழே இருக்கிறவன் கிணற்றைக் கெடுத்துவிட்டு ஏற்றுமதிக் கணக்கை மட்டும் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

சரி, தைக்கு வா. கிணற்றுத் தண்ணீர் சோதித்த சீட்டை மறக்காமல் எடுத்து வா, என்னுடையதும் இருக்கிறது. மறுபடி மஞ்சள் வைக்கத் துணியலாமா என்று உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
பழனிச்சாமி