மாண்டீகோ பே செயின்ட் ஜேம்ஸ் ஆலயப் பழுதுபார்ப்பில் சிமெண்டைத் தவிர்க்கக் கோரும் மனு

பெறுநர்:
செயல் இயக்குநர்,
ஜமைக்கா தேசிய பாரம்பரிய அறக்கட்டளை,
கிங்ஸ்டன்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: ஆங்கிலிக்கன் சேகர ஆலயத்தின் சுவர், நினைவுச்சின்னப் பராமரிப்புக்கு வேலை விதிமுறை வகுத்தல் தொடர்பாக.

1775-இல் தொடங்கி 1782-இல் முடிந்த இந்த ஆலயம், நான்கு கைகளும் சம நீளமுள்ள சிலுவை வடிவில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லால் எழுந்தது. 1957 மார்ச் 1 நிலநடுக்கத்தில் இடிந்து, மீண்டும் கட்டப்பட்டது. ஆகவே எது பழைய கட்டு, எது புதுக்கட்டு என்று வரைபடத்தில் பிரித்துக் குறித்த பிறகே எந்த வேலைக்கும் அனுமதி தர வேண்டுகிறோம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது.

எங்கள் பெரிய கவலை சிமெண்ட்தான். கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் போகிறது. கற்களுக்கு இடையேயுள்ள இடுக்கில் சுண்ணாம்புச் சாந்து இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியேறும். உப்பு சாந்திலேயே பூக்கும், சாந்து உதிரும், மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் கல் வழியே வெளியேற, உப்பு கல்லின் முகத்துக்குப் பின்னால் படிகமாகிப் பொருக்குப் பொருக்காகப் பெயர்த்துவிடும். போன கல் திரும்ப வராது.

பழைய கட்டுமானத்தில் இடுக்கைக் கையுளியால் அதன் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழம் சுரண்ட வேண்டும். மின் அரம் கல் விளிம்பைத் தின்னும். அதில் நிரப்பும் சாந்துக்கு, நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, உப்பில்லாத கூர்மணல் இரண்டரைப் பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. பூசுமுன் கல்லை நனைத்து, பூசியபின் ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போர்த்தி வெயில் படாமல் காக்க வேண்டும். இங்குள்ள வெயிலில் இதை விட்டால் சாந்து பொடியாகிவிடும். முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசிக் காட்டட்டும்.

உள்ளே ஜான் பேகன் செதுக்கிய ரோசா பால்மர் என்ற பெண்மணியின் பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதில் அமிலம் படவே கூடாது, பளிங்கு கரைந்துபோகும். சிலையின் கழுத்தில் தெரியும் நிறக்கோட்டைப் பற்றி ஊரில் கதை உண்டு. கறையென்று யாரும் அதைத் தேய்க்க முனையக் கூடாது. இத்தகைய சின்னங்களைச் சுவரோடு பிணைக்கும் பழைய இரும்புக் கொக்கிகள் துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். அவை இருக்கின்றனவா என்று உலோகங்காட்டியால் பார்த்து, இருந்தால் 316 ரகத் துருப்பிடிக்கா எஃகாக மாற்றவும் உத்தரவிட வேண்டுகிறோம்.

இவற்றை ஒப்பந்த ஆவணத்திலேயே சேர்த்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை மட்டும் அமர்த்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழங்கட்டடக் கல்வேலைப் பணியாளர்கள்,
மாண்டீகோ பே.