சிந்திக்கத் துணைநின்றவர்களுக்கு

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புடையீர்,

நன்றியுணர்வுக்கும் சிந்தனைக்கும் என்ன உறவு என்று எங்கள் வாசிப்பு வட்டம் சில மாதங்களாகப் பேசிவந்தது. அந்தச் சந்திப்புகள் சென்ற ஞாயிறு நிறைவுற்றன. யார், எந்த வேளையில், என்ன செய்தார் என்று எண்ணிப் பார்க்காமல் சொல்லும் நன்றியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே இந்த மடல் சற்று நீளும்.

வீட்டு முன்மண்டபத்தைத் திறந்துவிட்ட அக்காவுக்கும், பிரதிகள் எடுத்துத் தந்து தாளுக்கு மட்டும் காசு வாங்கிய கடைக்காரத் தம்பிக்கும் நன்றி.

ஜேர்மன் மொழி கற்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர் இல்லாவிட்டால் ஜேர்மன் மெய்யியலாளர் ஹைடெக்கரை நாங்கள் நெருங்கியிருக்கவே மாட்டோம். சிந்தனை என்றால் என்ன என்று 1951-52இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹைடெக்கர் ஆற்றிய விரிவுரைகளை ரீச்சர் பந்தி பந்தியாக விளக்கினார். அவற்றில் வரும், நம்மைச் சிந்திக்க வைப்பதைத் தொடர்ந்து சிந்திப்பதே அதற்கு நாம் செலுத்தும் மேலான நன்றி என்ற கருத்து என்னை ஆட்கொண்டது.

அந்த மயக்கத்தைக் கலைத்த மாணவிக்கு இரட்டிப்பு நன்றி. ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட தம் முதன்மை நூலை ஆசான் ஹுஸ்ஸேர்லுக்குக் காணிக்கையாக்கினார். ஹுஸ்ஸேர்ல் யூதராகப் பிறந்தவர். நாஜிகளின் ஆட்சியில், 1941ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் காணிக்கை நீக்கப்பட்டது. உள்ளே ஓர் அடிக்குறிப்பில் இருந்த நன்றி மட்டும் தப்பியது. ஹைடெக்கரோ 1933இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தவர். "நன்றியைப் பற்றி இவர் சொன்னதை எப்படி நம்புவது?" என்று அவள் கேட்டாள். கருத்தைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. மனிதரை மன்னிக்கவும் முடியவில்லை.

தமிழாசிரியர் ஐயா அப்போது வள்ளுவரை எடுத்தார்:

கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த
ஒன்றுநன்று உள்ளக் கெடும்.

செய்த ஒரு நன்மையை நினைத்தால் கொலைக்கு ஒப்பான தீங்கும் மறையும் என்கிறார் வள்ளுவர். நினைப்பது நம் கையில் இருக்கும் வேலை. ஆனால், வங்கியில் பணியாற்றும் நண்பர் விடவில்லை. வேலை வாங்கித் தந்தவருக்கு எதிராக வாய் திறக்க முடியாமல் இங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள், நன்றி சிந்தனையைக் கட்டிப்போடுகிறதே என்றார். ஐயா அதை மறுக்கவில்லை. தமக்கு நேர்ந்த தீங்கை ஒருவர் மறக்கலாம், பிறர்க்கு இழைத்த அநீதியை மறக்க அவருக்கு உரிமை இல்லை என்று பதில் சொன்னார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

வங்கி நண்பரே, உங்கள் கேள்வியிலிருந்துதான் அடுத்த சுற்றைத் தொடங்குகிறோம். நீங்களே முதலில் பேச வேண்டும்.

அன்புடன்,
வாசிப்பு வட்டத்தின் சார்பில்