ஜீப் கூண்டும் மருமகன் ஆசையும்

அன்புள்ள மாப்ளே,

உன் ஜீப்புக்கும் கேஜ் போடலாமா என்று கேட்டு நீ எழுதின கடிதம் வந்து நாளாச்சு. கேஜ் என்றால் வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் பைப் கூண்டு. என் ஜீப்பில் அந்த வேலை முடியட்டும், முழுசாக எழுதலாம் என்று இருந்தேன். தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று சொல். தென்னையில் வெள்ளை ஈ இங்கே தொண்டாமுத்தூர்ப் பக்கமும் விட்டபாடில்லை. மட்டையெல்லாம் கரும்பூசணம்.

மருமகன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பளபளவென்று குரோம் பூசின ரெடிமேட் ரோல் பார். "மாமா, இதை நம்ம ஜீப்புக்குப் போட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறான். அழகாகத்தான் இருக்கும். அதற்கு மேல் என்ன என்பதைத்தான் உனக்கு எழுதுகிறேன். அவனிடம் நான் சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பான்.

என் ஜீப் உனக்குத் தெரியும். சி.ஜே. 3பி, பெட்ரோல். வில்லிஸ் கம்பெனி 1953இல் கொண்டுவந்த மாடல், மஹிந்திரா உரிமம் வாங்கி இங்கே செய்தது. ஹரிகேன் எஞ்சின் உயரம் என்பதால்தான் அந்தத் தூக்கின பானெட். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 80 அங்குலம், சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் நாலடி. இந்தக் கணக்குக்கு அது பக்கவாட்டுச் சரிவில் கவிழாமல் இருந்தால்தான் அதிசயம். கவிழ்ந்தால் நம் தலைக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது தார்ப்பாய் மட்டும்.

மேடு ஏறும் ஜீப் போட்டி ஒன்றில் பார்த்தேன். கேஜ் போட்ட ஜீப் ஒன்று மெதுவாகத்தான் சாய்ந்து தலைகீழாகப் போனது. பைப் ஒன்றுகூட வளையவில்லை. ஆனால் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பின்வளையத்தின் கால் இரண்டும் தரைத்தகட்டைக் குத்திக்கொண்டு அடியில் இறங்கிவிட்டன. உள்ளங்கை அகல பிளேட்டை வெறும் தகட்டில் நாலு போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள். தகடு பிளேட்டின் ஓரத்தோடு சதுரமாக, கத்தரித்தாற்போல் கிழிந்திருந்தது. ஓட்டினவருக்குக் கழுத்துப் பட்டையோடு போனது, புண்ணியம்.

அதனால் நான் வேலையைப் பைப்பிலிருந்து ஆரம்பிக்கவில்லை, காலிலிருந்து ஆரம்பித்தேன். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ கார் பந்தயத்துக்கு எழுதிவைத்த விதியில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. கனம், 120 சதுர செ.மீ. பரப்பில் இரும்பு பிளேட் பாடியோடு பற்றவைத்திருக்க வேண்டும். 8.8 என்னும் பலத் தரத்தில் எம்8 (8 மி.மீ.) போல்ட் குறைந்தது மூன்று வேண்டும். ஆனால் அது சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) தனியாக இல்லாத கார்களை மனதில் வைத்து எழுதினது. நம் ஜீப்பில் பாடி ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுகிறது, அடியில் சேஸி முறுக்குகிறது. கேஜைச் சேஸியோடு இறுக்கிவிட்டு, சீட்டைப் பாடியிலேயே விட்டால், கவிழும்போது கேஜ் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நான் தரைத்தகட்டுக்கு மேலும் கீழும் பிளேட் வைத்து நெரித்து, அங்கிருந்து சேஸிக்கு இரும்புக் கை நீட்டி, நடுவில் ஆட்டம் தாங்க ரப்பர் போன்ற பாலியூரித்தேன் புஷ் கொடுத்தேன். சீட்டும் பெல்ட்டும் கேஜோடு சேர்ந்த குறுக்குப் பைப்பில்தான். அந்தக் கைகளைச் சேஸி சேனலின் பக்கச்சுவரில் மட்டும் பற்றவைக்கச் சொன்னேன். மேல்கீழ் விளிம்பில் குறுக்கே வெல்டிங் ஓட்டினால் அந்தக் கோட்டிலேயே பின்னால் விரிசல் விடும். வெல்டருக்கு என்மேல் கோபம்தான், கீழே படுத்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்ததால்.

பைப்புக்கு வருவோம். "இரண்டு இஞ்ச் பி கிளாஸ் ஜிஐ போடுங்கண்ணா, யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் ஒருவர். அது தண்ணீருக்குச் செய்த, துத்தநாகம் பூசின பைப். மீட்டருக்கு ஐந்து கிலோ. நான் போட்டது 45 மி.மீ. வெளிவிட்டம், 2.5 மி.மீ. கனத்தில் சீம்லெஸ் (நீளவாக்கில் ஒட்டு இல்லாத பைப்), மீட்டருக்கு 2.6 கிலோ. எஃப்ஐஏ பின்வளையத்துக்குக் கேட்கும் அளவும் அதுதான். ஏற்கெனவே தலைகனத்த வண்டியின் உச்சியில் இன்னும் எடை ஏற்றி, கவிழ்வதை நாமே சீக்கிரப்படுத்துவானேன்? ஜிஐயைப் பற்றவைத்தால் எழும் துத்தநாகப் புகை வேறு, ராத்திரிக்குக் குளிர்காய்ச்சலில் போடும்.

வளைப்பதுதான் கோயம்புத்தூரிலும் தேட வேண்டியிருந்தது. பிளம்பர் வைத்திருக்கும் ஹைட்ராலிக் பெண்டரில் வளைத்தால் வளைவில் பைப் சப்பையாகிவிடும். டையைச் சுற்றி இழுத்து வளைக்கும் மெஷின் வேண்டும், சூடு காட்டக் கூடாது, வளைவின் ஆரம் பைப் விட்டத்தில் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. வளைத்ததும் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் 46.1, மறுபக்கம் 43.6. சிறியதைப் பெரியதால் வகுத்தால் 0.9க்கு மேல் இருந்தால் போதும், நிம்மதி.

மருமகன் அனுப்பின படத்தில் குறுக்குச்சட்டம் இல்லை, கவனித்தாயா? காலித் தீப்பெட்டிக் கூட்டை ஓரத்தில் தள்ளினால் எப்படிச் சாய்ந்து படுக்கிறதோ, அப்படித்தான் சட்டமில்லாத வளையமும். பின்வளையத்தில் மூலைக்கு மூலை ஒரு சாய்வு பைப் போனால்தான் அது நிற்கும். பின்னால் சாமான் ஏற்ற இடைஞ்சல்தான், வேறு வழியில்லை.

முன்கண்ணாடி பானெட்டில் மடிந்து படுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதனால் முன்கால்கள் கண்ணாடிச் சட்டத்துக்கு உள்ளே, டேஷ் ஓரமாக இறங்குகின்றன. ஏறும்போது முட்டி இடிக்கிறது. உன் வீட்டில் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பற்றவைக்குமுன் டிரைவர் சீட்டைத் தூக்கி அதன் அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்கை வெளியே எடுத்துவிட்டோம். இந்த ஜீப்பில் டேங்க் அங்கேதான், நாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம்! பாட்டரி வயரும் கழற்றியாச்சு. பைப் முனையை மீன்வாயாக வெட்டி, வெளிச்சம் தெரியாத அளவுக்கு அராவிப் பொருத்தி, எல்லா மூட்டும் டேக் அடித்து (புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து), மூலைவிட்டம் அளந்த பிறகுதான் முழு வெல்டிங். கூரைத்தகடு இல்லாததால் மூட்டைச் சுற்றி முழுக்க வெல்டிங் டார்ச் போகிறது. காரில் இந்தச் சுகம் கிடையாது. வெல்டிங் வரியைக் கிரைண்டரால் வழித்து வழவழப்பாக்கட்டுமா என்றான் பட்டறைப் பையன். தொடாதே என்றேன். வழித்தால் போவது பலம்தான்.

இப்போது உன் கேள்வி. உன் டீசல் ஜீப் தோப்புக்கும் பொள்ளாச்சிச் சந்தைக்கும் போகிற வண்டி. அதற்குக் கேஜ் வேண்டாம் என்பேன். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுகிறவன் தலைக்குப் பக்கத்தில் இரும்புப் பைப் இருப்பது, சின்ன மோதலிலேயே மண்டையைப் பிளக்கும். கெட்டியான பேடிங் சுற்றினாலும் அது ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. என் ஜீப் இனி லாரி ஏறித்தான் போட்டிக்குப் போகும்.

மருமகனிடம் முதலில் நல்ல சீட் பெல்ட் போடச் சொல். ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து உன் வண்டியின் தரைத்தகட்டை, மேலே கிடக்கும் விரிப்பைத் தூக்கிவிட்டு, குத்திப் பார்க்கட்டும். உள்ளே போனால் துரு. அதை வெட்டிப் புதுத்தகடு போடும் வேலையை நம் பட்டறையில் வைத்துக்கொள்ளலாம், அவனே கிரைண்டர் பிடிக்கட்டும். ஞாயிறு லீவு, மற்ற எந்த நாளும் வரலாம். கிளம்புமுன் ஒரு போன் போடு. தேங்காய் மூட்டை வேண்டாம், போன தடவை கொடுத்ததே இன்னும் தீரவில்லை.

உன் மச்சான்