முதல் டிரம் பேட் வாங்குபவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைக்கு டிரம் பேட் (குச்சியால் தட்டினால் டிரம்ஸ் ஒலி தரும் மின்னணுக் கருவி; அதில் தட்டும் ஒவ்வொரு பரப்பையும் பேட் என்றே சொல்வோம்) கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர் முதலில் விசாரிப்பது, "இதில் எத்தனை சவுண்ட் இருக்கு?" என்றுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மெல்லத் தட்டினால் மெல்லவும், ஓங்கி அடித்தால் பலமாகவும் ஒலிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டியில் 'டச் சென்சிட்டிவ்' அல்லது 'வெலாசிட்டி' என்று போட்டிருக்கும். இது இல்லாத பேடில் எப்படி அடித்தாலும் ஒரே சத்தம். அதிலேயே பழகிய கை, அசல் டிரம்ஸில் உட்காரும்போது அழுத்தம் பிடிபடாமல் திணறும்.

சுருட்டி வைக்கும் சிலிக்கான் பேடுகளில் பலவற்றுக்கு இந்த வசதி கிடையாது. ரப்பர் மெல்லிசு என்பதால் குச்சியும் சரியாகத் துள்ளி எழாது; டபுள் ஸ்ட்ரோக் (ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி) பழக அது உதவாது. காலால் மிதிக்கும் பெடல்களும் வெறும் சுவிட்சுதான். ஏழெட்டு வயதுக் குழந்தைக்குத் தாளம் பிடிபடுகிறதா என்று பார்க்க மட்டும் போதும். வாங்கினால் மடிக்காமல் சுருட்டியே வையுங்கள். மடிக்கிற இடத்தில் உள்ளே ஓடும் இணைப்பு அறுந்து, ஒரு பேட் மட்டும் செத்துப்போகும்.

வகுப்பில் சேர்ந்து கற்கப் போகிறவர்களுக்கு மேசையில் வைக்கும் வகையைத்தான் சொல்வோம். யமஹா டிடி-75 இதற்கு நல்ல உதாரணம்: 8 பேட், 2 பெடல், உள்ளேயே ஸ்பீக்கர், வெளியூருக்கு எடுத்துப்போனால் 6 'சி' சைஸ் பேட்டரி. மெல்லிசைக் குழுக்களில் பார்க்கும் ரோலண்ட் எஸ்பிடி-20 போன்ற ஆக்டோபேடில் (மேடைக்கான எட்டு பேட் கருவி) ஸ்பீக்கர் கிடையாது. ஆம்ப் (ஒலிபெருக்கி) அல்லது ஹெட்போன் தனியாக வேண்டும். மேடை ஆசை உறுதியான பிறகு அதற்குச் செலவழிக்கலாம்.

எதை எடுத்தாலும் கடையிலேயே குச்சி கேட்டு வாங்கி அடித்துப் பாருங்கள். மூன்று பேடை ஒரே நேரத்தில் அடித்தால் மூன்றும் கேட்க வேண்டும். இரண்டு கையாலும் வேகமாக ரோல் (இடைவிடாத தொடர் அடி) வாசிக்கும்போது அடி விழுங்கினாலோ, ஒரு அடிக்கு இரண்டு முறை ஒலித்தாலோ வேண்டாம். ஒன்றை ஓங்கி அடிக்கும்போது பக்கத்துப் பேடும் முனகுகிறதா? ஒரே உடலில் எல்லா சென்சாரும் இருப்பதால் அதிர்வு தாவுகிறது. சென்சிட்டிவிட்டியைக் குறைக்கும் வசதி இருந்தால் சரிசெய்யலாம்; இல்லாவிட்டால் அந்தத் தொல்லை தீராது.

புளூடூத் ஹெட்போனில் வாசிக்காதீர்கள். அடித்து 100 மில்லிசெகண்டுக்கு மேல் கழித்துக்கூட சத்தம் வரும், தாளம் தள்ளாடும். வயர் ஹெட்போனே சரி. புளூடூத் வசதி உள்ள பேடானால், போனிலிருந்து பாட்டை அதற்கு அனுப்பி, பேடின் ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கொண்டு கூடவே வாசிப்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

அபார்ட்மென்ட்வாசிகளுக்கு ஒன்று: ஹெட்போன் போட்டாலும் குச்சி படும் 'டக் டக்' கேட்கும், பெடல் மிதி கீழ்வீட்டுக்கு இறங்கும். பெடலுக்கு அடியில் தடிமனான ரப்பர் பாய் போடுங்கள். பெடல் வழுக்கி ஓடுவதும் நிற்கும்.

அடாப்டரைப் பெட்டியில் வந்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செருகும் முனை பொருந்துகிறது என்பதற்காக வீட்டிலிருக்கும் வேறொன்றைச் செருகினால், வோல்ட் சரியாக இருந்தும் பிளஸ்-மைனஸ் மாறி உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடலாம். அந்தப் பழுதுக்கு வாரண்டி பெரும்பாலும் கிடைக்காது.

குச்சி 5ஏ அளவு போதும், சிறு கைகளுக்கு அதைவிட மெல்லிய 7ஏ. பழைய குச்சியின் முனை பிளந்திருந்தால் பேட் ரப்பரைக் கிழிக்கும், மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
கடைப் பணியாளர்கள்